ஆறு நிமிட மெய்க்கீர்த்தி

பகைவன் நம் அரசரை ஒருபோதும் வாயாரப் புகழ மாட்டான். இந்த ஒரே நம்பிக்கையின் மேல்தான் மேல்கரைப் பேரரசின் பாதுகாப்பு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. நானும் பாதுகாப்புப் படையில்தான் இருந்தேன். ஆயுதம் எதையும் தொட்டதில்லை. புகழ் பாடுவதுதான் என் வேலை.

என் பெயர் குழல்வாய்மொழி. வேலைக்கான நேர்காணலில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து என் பெயரைப் பதினேழு முறை சொல்லச் சொன்னார்கள். பதினேழு முறையும் இரண்டு ழகரமும் பிசகாமல் வந்தன. வேறு எதையும் கேட்கவில்லை. மறுநாளே சீருடை கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னோர்கள் பூமியை விட்டு, கணக்கில்லாத தூரம் கடந்து, காற்றே இல்லாத இந்தக் கோளுக்கு வந்தார்கள். கண்ணாடிக் கூரைகள் போட்டுக் கூரைக்கு அடியில் பாடுபட்டுக் காற்றை உண்டாக்கினார்கள். அந்தக் காற்றைக் கொண்டு முதல் வேலையாக ஒருவருக்கொருவர் பட்டம் சொல்லிக்கொண்டார்கள். குடியேற்றத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது யார் பெயர் மேலே வருவது என்று தகராறு வந்தது. பெரும்பள்ளத்துக்கு மேற்கே இருந்தவர்கள் ஓர் அழைப்பிதழ் அடித்தார்கள், கிழக்கே இருந்தவர்கள் இன்னொன்று அடித்தார்கள். இரண்டு அழைப்பிதழ் இரண்டு நாடாகி, பத்தே வருஷத்தில் இரண்டு பேரரசாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து அளந்தால் பூமியில் ஒரு சுமாரான மாவட்டம் அளவுக்கு வரும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிட்டார்கள்.

நான் சேர்ந்தபோது போருக்குப் பதினோரு வயது. முதல் நாள் என்னைக் கட்டளை அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டியவர் பொறியாளர் பிச்சாண்டி. நரைத்த மீசை, எண்ணெய் படிந்த சட்டை. சுவர் முழுக்க நின்ற இயந்திரத்தைத் தட்டிக்காட்டினார். அதன் பெயர் காவலன்.

“எதிரி ஏவுகணை பள்ளத்தைத் தாண்டி வர்றதை இவன் பாத்துடுவான். தடுக்கிற கணை, தாக்குற கணை எல்லாம் இவன்கிட்டதான் தயாரா இருக்கு. ஆனா ஆணை வராம சுடமாட்டான். ஆணை போட நமக்குக் கிடைக்கிறது ஆறு நிமிஷம்.”

“உடனே போட்டுட வேண்டியதுதானே அண்ணே? ஆறு நிமிஷம் எதுக்கு?”

“போருக்கு முதல் வருஷம் ராஜா குரல்ல கீழ்கரைக்காரனே ஆணை போட்டுட்டான்மா. நம்ம கணை நம்ம தானியக் கிடங்கு மேல வந்து விழுந்துச்சு. அதுலேர்ந்து பூட்டு. ஆணைக்கு முன்னாடி ராஜாவோட மெய்க்கீர்த்தியை முழுசாச் சொல்லணும். இயந்திரக் குரலா இருந்தா இவன் கண்டுபிடிச்சிடுவான். உயிருள்ள மனுஷக் குரல் வேணும். யார் குரலா இருந்தாலும் சரி.”

“யார் குரலா இருந்தாலும்னா, எதிரி சொன்னா?”

பிச்சாண்டி மீசையைத் தடவினார். “அதைத்தான் நானும் கேட்டேன். அவன் நம்ம ராஜாவைப் புகழ்வானா, நாக்கு அழுகிடாதான்னு சபையில எல்லாரும் சிரிச்சாங்க. அப்படியே துணிஞ்சாலும் கீழ்கரைக்காரன் வாயில ழ வராதுல்ல? ‘கீள்கரை’ன்னுதானே சொல்வான்? அதனால புலவர் வரிக்கு வரி ழ போட்டு எழுதிட்டாரு. ஒரு ழ தப்பினாலும் அதோ அந்தச் சிவப்பு விளக்கு எரியும். எரிஞ்சா முதல்லேர்ந்து சொல்லணும். விதி.”

இதில் பெரிய வேடிக்கை வேறொன்று. எங்கள் பேரரசின் பூட்டைத் திறக்கும் இந்த மந்திரத்தைத் தினமும் காலை ஏழு மணிக்கு வானொலியில் முழுதாக ஒலிபரப்பினோம், பகைவன் காதில் விழுந்து அவன் வயிறு எரிய வேண்டும் என்பதற்காக. கீழ்கரைக்காரர்களும் சளைத்தவர்களா? அதே பூட்டு, அதே இயந்திரம், தங்கள் அரசருக்கு ஒரு மெய்க்கீர்த்தி. ஏழரை மணிக்கு அது எங்கள் பக்கம் கேட்கும். அதில் ஒரு ழகரம்கூட வராமல் வெகு கவனமாக எழுதியிருந்தார்கள். வாசித்தவர் வயதானவர். பாதியில், எப்போதும் ஒரே இடத்தில், ஒரு முறை இருமுவார். பெயர் தெரியாது. மூன்று வருஷம் கேட்டதில் அந்த இருமல் எனக்கு வீட்டு மனிதரின் இருமல்போல் ஆகிவிட்டது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அய்யாத்துரை. இருபது வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் வாகைப்பட்டியைக் குறிவைத்து ஏவுகணை வந்தது. அவர் வாசிக்க ஆரம்பித்தார். அன்று மெய்க்கீர்த்தியின் நீளம் நாலரை நிமிடம். முப்பத்தொன்றாம் வரியில் ‘எழிலன் முதலா எழுநூற்று வீரர்’ என்று வரும். அவருக்குக் காய்ச்சல், நாக்கு வறண்டிருந்தது. ‘எளிலன்’ என்று வந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்கு அரை நிமிடம் முன்பே வாகைப்பட்டியின் கண்ணாடிக் கூரை உடைந்துவிட்டது. தொள்ளாயிரத்துப் பதினாறு பேர்.

அய்யாத்துரைக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பில் குற்றத்தின் பெயர் ‘ழகரத் துரோகம்’. வாகைப்பட்டியின் அழிவை ‘அசையாது நின்ற பெருமித வெற்றி’ என்று அறிவித்து, மெய்க்கீர்த்தியில் மூன்று வரி சேர்த்தார்கள். அந்த மூன்று வரியையும் நான்தான் முதன்முதலில் வாசித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

*

இப்போது கணக்கு யாருக்கும் புரிந்துவிடும். ஒரு வெற்றி வந்தால் குறைந்தது இரண்டு வரி. இரண்டு வரிக்கு எட்டு விநாடி. காவலனுக்குக் கிடைக்கும் அவகாசமோ ஆறு நிமிடத்திலிருந்து ஒரு விநாடிகூட ஏறாது. பள்ளத்தின் அகலம் அரசருக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆக, நாங்கள் ஜெயிக்க ஜெயிக்கத் தோல்வி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. இது பிச்சாண்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தளபதிக்குத் தெரியும். அரசரிடம் போய், “பிரபோ, தங்கள் புகழில் நாற்பது விநாடி குறைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கும் ஆள்தான் பேரரசில் கிடைக்கவில்லை.

இதற்கிடையே ஒற்றர் படை உயிரைப் பணயம் வைத்து ஒரு தகவலைக் கொண்டுவந்தது. கீழ்கரை மெய்க்கீர்த்தி நம்முடையதைவிடப் பன்னிரண்டு விநாடி நீளம்! வானொலியைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும், அது போகட்டும். புத்தியுள்ள அரசு என்ன செய்திருக்கும்? அவர்கள் நமக்கு முன்னால் மாட்டிக்கொள்வார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கும். எங்கள் அரசர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள், பதினெட்டு விநாடி கூடுதலாக எழுதச் சொல்லி அவைப்புலவருக்கு ஆணை போனது. அந்த வாரம் வெற்றி எதுவும் கைவசம் இல்லை. அரசருக்குப் பல் பிடுங்கியதை எழுதினார்கள், ‘வலியினை வென்ற’ என்று தொடங்கி.

எனக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்கல்ல. என் தங்கை தில்லை பாலமுனையில் இருந்தாள். பாலமுனை பள்ளத்தின் விளிம்பில் இருக்கிற ஊர். கீழ்கரை ஏவுகணை எதுவானாலும் முதலில் அதன் தலைமேல்தான் வந்து நிற்கும். அங்கே காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

“ஊரை விட்டு வந்துடுடி,” என்றேன் தொலைபேசியில்.

“எப்படி வர்றது? வாசல்ல காவல் போட்டிருக்காங்க அக்கா. ஊரை விட்டுப் போனா, பேரரசால நம்மளக் காப்பாத்த முடியாதுன்னு அர்த்தமாயிடுமாம். தேசத் துரோகமாம்.”

“மருத்துவம்னு சொல்லிப் பாரேன்.”

“சொன்னேன். புள்ள பெத்துக்கத் தலைநகரத்துக்குப் போறேன்னா, இங்க பெத்தா ஆபத்துன்னு நெனைக்கிறியான்னு கேக்கறான். நான் என்னத்தைச் சொல்ல?” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “நீதான் இருக்கியே. தினமும் காலையில ரேடியோவுல உன் குரலைக் கேக்கறேன். நீ வாசிக்கறப்போ உள்ள உதைக்குது.”

அன்றே புலவரைப் பார்க்கப் போனேன். அவைப்புலவர் மதிவாணர் தண்ணீர் கேட்பதென்றாலும் செந்தமிழில்தான் கேட்பார். கட்டளை அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேசை. வாசிப்பு நடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“ஐயா, மெய்க்கீர்த்தி அஞ்சு நிமிஷம் ஐம்பத்தாறு விநாடிக்கு வந்துடுச்சு. இன்னும் ஒரு வெற்றி வந்தா நாம யாரையும் காப்பாத்த முடியாது. நாலஞ்சு வரி எடுத்துடலாங்கய்யா.”

“எவ்வரியை நீக்க வேண்டும் என்கிறீர், அம்மையே?”

நான் தயாராகத்தான் போயிருந்தேன். “முப்பத்தொண்ணு. வாழைக்குடாச் சண்டை. அது நடந்து ஏழு வருஷம் ஆச்சு. அந்த இடத்தையும் பிறகு நாம விட்டுட்டு வந்துட்டோம்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் முன் வைத்தார். ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக, ஓர் இளைஞன்.

“எழிலன். என் மகன். அவ்வரியில்தான் இருக்கிறான். வேறெங்கும் இல்லை, உடல் கிடைக்கவில்லை.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாரமும் அவர் வீட்டு வாசலுக்குத் தாய்மார்கள் வருகிறார்களாம். எங்கள் பிள்ளை செத்த சண்டைக்கு இன்னும் வரி போடவில்லையே என்று அழுகிறார்களாம். அரசருடைய தற்பெருமையை வெட்டுவது சுலபம், இவர்களை எந்த வரியோடு சேர்த்து வெட்டுவது என்று கேட்டார்.

“அரசர் பல் பிடுங்கின வரியையாவது எடுக்கலாமேய்யா?”

“அதை எடுத்தால் என் தலையை எடுப்பார்,” என்றார், செந்தமிழ் சற்றும் குறையாமல்.

*

அடுத்த வாரம் பள்ளத்தில் நடந்த ஏதோ ஒரு தள்ளுமுள்ளில் எங்கள் ஆட்கள் எதிரியின் கொடிக்கம்பம் ஒன்றைப் பிடுங்கிவந்தார்கள். அரசர் அதற்கு நான்கு வரி கேட்டார். கொடிக்கம்பத்தைப் பறிகொடுத்த கீழ்கரை அரசர் சும்மா இருப்பாரா? கம்பம் போனாலும் கொடி நம்மிடம்தான் இருக்கிறது என்று அவரும் வெற்றி அறிவித்து எட்டு வரி சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் புதிய மெய்க்கீர்த்தியை ஒலிபரப்பில் வாசித்தேன். முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். பிச்சாண்டி மட்டும் தட்டவில்லை. ஏழரைக்குக் கீழ்கரைக் கிழவரின் குரல் வந்தது. ஆறு நிமிடம் இருபத்து நாலு. இருமல் அன்று இரண்டு முறை.

வராந்தாவில் பிச்சாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். “முடிஞ்சுதும்மா. இனிமே இவன் காவலன் இல்ல, சுவத்துல மாட்டின படம்.”

“பாலமுனையில எந்தங்கச்சி இருக்கா அண்ணே.”

“தெரியும்.”

“அவங்க இயந்திரத்தோட அலைவரிசை நமக்குத் தெரியுமா?”

திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு உடனே புரிந்தது. “அவங்களுது நமக்குத் தெரியும், நம்மளுது அவங்களுக்குத் தெரியும். பூட்டு இருக்கே, அப்புறம் என்ன பயம்னு யாரும் அதை மறைக்கக்கூட இல்ல,” என்றார். பிறகு மெதுவாக, “பழுதுபார்க்கிற அறையில ஒலிவாங்கி இருக்கு. எட்டு மணிக்கு நான் அங்க வேலைன்னு கையெழுத்துப் போட்டுடறேன்.”

கருவிப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, பகைவனின் மெய்க்கீர்த்தியைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வருஷம் தினமும் கேட்டது. எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். ஆனால் சொல்ல வேண்டுமே. முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. சபையில் சிரித்தவர்கள் சொன்னது முழுப் பொய்யில்லை. கீழ்கரை அரசரைக் ‘கருணை மாகடல்’ என்றேன். அவர்தான் வாகைப்பட்டியை உடைத்தவர். பாதி தாண்டியதும் வாகைப்பட்டியே வந்தது. ‘தொள்ளாயிரவரைத் தூளெனச் செய்த’ என்ற வரி. அழுகை முட்டியது. குரல் உடைந்தால் பூட்டு திறக்குமோ திறக்காதோ என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன். கிழவர் இருமும் இடம் வந்ததும் என்னையறியாமல் அங்கே ஒரு மூச்சு நிறுத்தினேன், அதுவும் பாட்டின் பகுதி என்பதுபோல.

ஆறு நிமிடம் இருபத்து நாலு விநாடி. கடைசி வரி முடிந்தது. ஒரு மணி ஒலித்தது. “ஆணை?” என்று கேட்டது கீழ்கரை இயந்திரம். குரல் எங்கள் காவலனின் அதே குரல், செய்தவன் ஒருவன்தானே.

“எல்லா ஆயுதங்களையும் பூட்டு. பூட்டின சாவியை அழிச்சிடு. இனி யார் ஆணையிட்டாலும் ஏற்காதே.”

“அப்படியே.”

அவ்வளவுதான். ஒரு பேரரசை முடித்தாயிற்று. பிச்சாண்டி என் தலையில் கைவைத்தார். இனி எங்கள் அரசருக்குத் தகவல் தெரிந்தால் எதிர்க்க ஆளில்லாத கீழ்கரையைத் தூளாக்கிவிடுவாரே என்ற யோசனை அப்போதுதான் எனக்கு வந்தது. தங்கையைக் காப்பாற்றும் அவசரத்தில் அடுத்த கரையிலும் தங்கைகள் இருப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் கட்டளை அறையில் கூச்சல் கேட்டது. ஓடினோம். தளபதி சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். காவலனின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. திரையில் ஒரே வாசகம்: ‘ஆயுதங்கள் பூட்டப்பட்டன. சாவி அழிக்கப்பட்டது. ஆணை நிறைவேறியது.’

“எவன் ஆணை?” என்றார் தளபதி.

யாருக்கும் தெரியவில்லை. பிச்சாண்டி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் போட்ட ஆணை அங்கே. இது யார் போட்டது?

பிச்சாண்டி பதிவைத் திருப்பி ஓடவிட்டார். ஒலிபெருக்கியில் எங்கள் மெய்க்கீர்த்தி, இன்று காலைதான் சேர்த்த கொடிக்கம்ப வரிகள் உட்பட. குரல் வயதான ஆண்குரல். பாதியில் ஒரு இருமல்.

*

ஆயுதம் இல்லாமல் எங்கள் பேரரசு பத்தொன்பது நாள் ஓடியது. அவர்களுடையது இருபத்தொரு நாள். அதிலும் எங்களை முந்திவிட்டதாக இன்றும் அங்கே பெருமை பேசுகிறார்கள். கடைசி நாளில் எங்கள் அரசர் மாடத்தில் வந்து நின்று மக்களிடம் பேச விரும்பினார். பேச்சுக்கு முன் மரபுப்படி மெய்க்கீர்த்தி. ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடியும் நான்தான் வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் கீழே ஒரு ஆள் இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு அரசர்களும் ஒரே முதியோர் விடுதியில் இருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் யார் முதலில் நிற்பது என்று தினமும் சண்டை.

பாலமுனையில் தில்லைக்குப் பெண் பிறந்தது. வாசலில் காவல் நின்றவன்தான் மருத்துவச்சியைக் கூட்டிவந்தானாம்.

இதோடு கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பதிவு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பிச்சாண்டியின் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, அந்தக் கிழவர் வாசிச்சதை இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். ‘எளிலன் முதலா எளுநூற்று வீரர், வாளைக் குடாவில்’ என்று போனது. ஒரு ழகூட இல்லை. கீழ்கரைக்காரர், எங்கிருந்து வரும்?

“சிவப்பு விளக்கு எரியலையே அண்ணே? எப்படித் திறந்துச்சு?”

முன்பெல்லாம் இயந்திரத்தின் உள்பதிவு அரச ரகசியம்; பொறியாளரும் தொடக்கூடாது. இப்போது கேட்க ஆளில்லை. கட்டளை அறைக்குப் போய்ப் பிச்சாண்டி அதைத் திறந்து பார்த்தார். நூற்றுக்கு எண்பது சொல் சரியாக இருந்தால் போதும் என்றுதான் இயந்திரத்துக்கு முதல் நாளிலிருந்தே சொல்லியிருந்தது. கிழவருக்கு எண்பத்திரண்டு.

“அப்போ அந்த விளக்கு?”

“ஒயர் போட்டது நான்தாம்மா.” என் பழைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த மேசையைக் காட்டினார். “புலவர் மேசைப் பொத்தான்லேர்ந்து. ஒத்திகையில உச்சரிப்புத் திருத்தறதுக்குன்னு கேட்டாரு. நிஜ நேரத்துல இயந்திரமே எரிய வைக்குதுன்னுதான் நான் நெனச்சேன். வாகைப்பட்டி விழுந்த அன்னைக்கு நான் வேலையில இல்ல.”

அந்த நாளின் பதிவையும் தேடி எடுத்தோம். ஒரே ஒரு தாள். அதை எடுத்துக்கொண்டு மதிவாணரிடம் போனேன். அவர் இப்போது இரண்டு கரைக்கும் பொதுவான புதிய அரசில் மொழித் தூய்மைக் குழுவின் தலைவர். அறை வாசலில் அவர் பெயருக்கு முன்னால் மூன்று பட்டம் எழுதியிருந்தது.

தாளைப் படித்தார். அவரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். மூன்று வருஷம் என் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தக் கண்மூடித் தவத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்றுதான் போனேன். அவர் நிமிர்ந்தார். அவர் வாயிலிருந்து செந்தமிழ் அல்லாத பேச்சை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

“எம் புள்ள பேரும்மா அது,” என்றார். “தப்பாச் சொல்லிட்டாரு. கை தானாப் போயிடுச்சு.”

திட்ட நினைத்தது எதுவும் வெளியே வரவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அய்யாத்துரை விடுதலையாகிப் பாலமுனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“என் நாற்காலியில இருந்த பொண்ணா? உட்காரு தாயி. உன்கிட்ட ஒண்ணு கேட்டுக்கணும்னு இருந்தேன். உனக்குத்தான் நல்லாத் தெரியும்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “உள்ள இருந்தப்போ தினமும் ஆயிரம் தடவை சொல்லிப் பழகினேன். இப்பச் சரியா வருதா பாரு.”

கண்ணை மூடிக்கொண்டார். “எழிலன் முதலா எழுநூற்று வீரர், வாழைக் குடாவில்...”

எந்த ஒலிபரப்பிலும் நான்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

“சரியா இருக்கா தாயி?”

“இருக்குங்கய்யா.”

“அன்னைக்கு மட்டும் இப்படி வந்திருந்தா...” என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “தொள்ளாயிரத்துப் பதினாறு பேரு. எல்லார் பேரும் எனக்குத் தெரியும். அதுல நிறைய பேருக்குப் பேர்லயே ழ.”

சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “இயந்திரத்தோட பதிவுங்கய்யா. அந்த நாளோடது. நீங்களே படிச்சுப் பாருங்க.”

வாத்தியார் பழக்கம் விடவில்லை. தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்.

“வாசித்தவர், அய்யாத்துரை. முப்பத்தொன்றாம் வரி. பிழை, ழகரம் ஒன்று. சரியான சொற்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. வாசிப்பு நிறுத்தப்பட்டது, புலவர் மேசையிலிருந்து. இயந்திரத்தின் முடிவு...”

அங்கே நின்றார். மறுபடி முதல் எழுத்திலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

“இயந்திரத்தின் முடிவு: பிழை பொறுக்கத்தக்கது.”

ழகரம் சுத்தமாக வந்தது.